தாகிஸ்தான் தந்த இமாம் ஷாமில் (ரஹ்)

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே உயர்ந்து நிற்கும் காக்கஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தாகிஸ்தான் என்றொரு நாடு உண்டு. மலைநாடு என்பதே அப்பெயரின் பொருள். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே அரபு முஸ்லிம்கள் அதன் கடற்கரை நகரான தர்பந்தை அடைந்துவிட்டார்கள். ஆனால் மலையுச்சிகளில் தீன் ஏறிச் சென்று நிலைபெறப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அவார், லாக், தர்கீ, குமிக், லெஸ்கி என்று ஏறத்தாழ முப்பது மொழிகள் பேசும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். ஒரு கணவாயைத் தாண்டினால் இவர் பேச்சு அவருக்கு விளங்காது. இவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவை அரபு எழுத்தும் ஷாஃபிஈ மத்ஹபும்தாம். நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும், அதற்கு மஹல்லீ (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரையும் அந்தப் பனிமலை மதரஸாக்களிலும் ஓதப்பட்டன என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள்.

அந்த மலைநாட்டில் கிம்ரி என்னும் அவார் கிராமத்தில் ஹிஜ்ரி 1212, அதாவது 1797-ம் ஆண்டில் பிறந்தவர்கள் இமாம் ஷாமில் (ரஹ்) அவர்கள். பெற்றோர் முதலில் இட்ட பெயர் அலீ. குழந்தை அடிக்கடி நோயில் விழவே, அவ்வூர் வழக்கப்படி பெயரை மாற்றி ஷாமில் என்று அழைத்தார்கள். நோஞ்சானாக இருந்த அந்தப் பிள்ளையே பின்னர் ஓட்டத்திலும் குதிரையேற்றத்திலும் வாள் வீச்சிலும் நிகரற்றவராக வளர்ந்தார்.

தந்தை முஹம்மது மதுப்பழக்கத்திற்கு அடிமையாகியிருந்தார். மகனோ மார்க்கக் கல்வி கற்றுக் கொண்டிருந்தவர். தந்தை மீண்டும் குடித்தால் தம் உயிரையே மாய்த்துக் கொள்ளப் போவதாக அந்த இளைஞர் சூளுரைத்ததாகவும், அதைக் கேட்ட தந்தை அன்றோடு மதுவைக் கைவிட்டு இறுதிவரை தொடவில்லை என்றும் சொல்வார்கள். உயிரை மாய்ப்பேன் என்று மிரட்டுவது ஷரீஅத் அனுமதிக்கும் முறையன்று. விவரமறியாத இள வயதின் வேகம் அது. எனினும் தம் வீட்டிலிருந்தே சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டும் என்று அவர்கள் கருதியது கவனிக்கத்தக்கது.

இமாமவர்களின் உயிர்த்தோழர் அதே கிம்ரியைச் சேர்ந்த காஸீ முஹம்மத் (ரஹ்). இருவரும் ஒன்றாகவே ஓதினார்கள். ஒன்றாகவே ஆசிரியர்களைத் தேடி மலை மலையாக அலைந்தார்கள். இருவருக்கும் நக்ஷபந்தி தரீக்காவில் ஷைகாக அமைந்தவர்கள் ஜமாலுத்தீன் (ரஹ்) அவர்கள். அப்பெரியார் அவார் அல்லர். லாக் மக்களின் ஊரான காஸிகுமூக்கைச் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் தம் மகள் ஸாஹிதாவை இமாமவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தவர்களும் அவர்களே. ஷைகு ஒரு இனம், முரீது வேறு இனம் என்பது அன்று எவர் கண்ணையும் உறுத்தவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மலைமக்கள் தொழுதார்கள், நோன்பு நோற்றார்கள், குர்ஆன் ஓதினார்கள். ஆனால் கொலை, திருமணம், வாரிசுரிமை என்று வந்துவிட்டால் கிதாபை மூடி வைத்துவிட்டு ஆதத் என்னும் முன்னோர் வழக்கத்தையே தீர்ப்பாக்கினார்கள். ஒரு கொலைக்குப் பழி மற்றொரு கொலை. அதற்குப் பழி இன்னொன்று. ஒரு சிறு சச்சரவில் தொடங்கிய பழிவாங்கல் பேரன் காலத்திலும் தீராமல் குடும்பங்களை அழித்தது. கொலைகாரன் கிடைக்காவிட்டால் அவன் உறவினரில் எவரையேனும் கொல்லலாம் என்பது அந்த வழக்கம். பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த சொத்துப் பங்கு கொடுக்கப்படுவதில்லை. (பெண்மக்களின் பங்கை விழுங்குவது அந்த மலையோடு நின்றுவிட்ட நோயல்ல என்பது நம் வீடுகளில் உள்ளவர்களுக்குத் தெரியும்.) கான்களும் பேக்குகளும் இந்த ஆதத்தைக் காட்டியே குடிமக்களை அடக்கி வைத்திருந்தார்கள். அவர்களுள் பலர் ருஷ்ய ஜார் மன்னரிடம் பட்டமும் பணமும் பெற்றவர்கள்.

ஆகவே, ஜாருடன் போர் தொடங்குவதற்கு முன்பே காஸீ முஹம்மத் (ரஹ்) அவர்களும் இமாமவர்களும் தம் சொந்த மக்களின் ஆதத்தோடு போர் தொடங்கிவிட்டார்கள். காஸீ முஹம்மத் (ரஹ்) ஆதத்தின்படி தீர்ப்பளிப்பதைக் கண்டித்து அரபியில் ஒரு நூலே எழுதினார்கள். இமாமவர்களின் வரலாறு எழுதிய பலர் இதை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டு வாளுக்கும் துப்பாக்கிக்கும் தாவி விடுகிறார்கள். என் கருத்தில் அவர்கள் வாழ்வின் திறவுகோலே இதுதான். ஜாரின் படை அந்த மலைப்பக்கம் வராமலே இருந்திருந்தாலும் அவர்கள் இப்பணியைச் செய்திருப்பார்கள்.

ஆனால் படை வந்தது. 1816-ல் காக்கஸின் தளபதியாக நியமிக்கப்பட்ட எர்மலோவ், கிராமங்களை எரிப்பதையும் காடுகளை வெட்டுவதையும் பிணையாட்களைப் பிடிப்பதையும் கொள்கையாகவே வைத்திருந்தார். 1818-ல் செச்னியர்களின் நிலத்தில் கோட்டை ஒன்றைக் கட்டி, அச்சமூட்டுவது என்ற பொருளில் அதற்கு குரோஸ்னி என்று பெயரிட்டார். பின்னாளில் செச்னியாவின் தலைநகராக ஆனது அந்தக் கோட்டைதான். மார்க்கச் சீர்திருத்தமாகத் தொடங்கியது இந்தக் கொடுமையினால் ஜிஹாதாக மாறியது. ஷைகு ஜமாலுத்தீன் (ரஹ்) அவர்கள் தொடக்கத்தில் போரை ஒப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

காஸீ முஹம்மத் (ரஹ்) முதல் இமாமானார்கள். 1832 அக்டோபரில் ருஷ்யப் படை கிம்ரியைச் சூழ்ந்தது. சில தோழர்களோடு ஒரு கல் கோபுரத்தில் நின்று போரிட்டு அவர்கள் ஷஹீதானார்கள். இமாம் ஷாமில் (ரஹ்) அவர்களோ வாசலில் அணிவகுத்து நின்ற சிப்பாய்களின் தலைக்கு மேலாகத் தாவிக் குதித்தார்கள். துப்பாக்கி ஈட்டி மார்பைத் துளைத்தது. அதைப் பிடுங்கி எறிந்து, குத்தியவனை வீழ்த்திவிட்டு மலைச்சரிவில் மறைந்தார்கள். பிழைக்கமாட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவரான அவர்களின் மாமனார் அப்துல் அஸீஸ் மூலிகைகளால் பல மாதம் வைத்தியம் செய்து தேற்றினார்.

இரண்டாம் இமாம் ஹம்ஸத் பேக் 1834-ல் அவார் கான்களின் குடும்பத்தைக் கொன்றார். அதற்குப் பழியாக, குன்ஸாக் ஊர்ப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமையன்று அவரே கொல்லப்பட்டார். எந்த வழக்கத்தை ஒழிக்கப் புறப்பட்டார்களோ அது அவர்களின் தலைவரையே பள்ளிவாசலுக்குள் வந்து கொன்றது. கான் குடும்பத்தில் எஞ்சியிருந்த சிறுவனும் பின்னர் கொல்லப்பட்டான். அது இமாம் ஷாமில் அவர்களின் உத்தரவு என்றே எழுதப்பட்டிருக்கிறது. பெரியார்களின் வரலாற்றை எழுதுகிறோம் என்பதற்காக இதை மறைப்பது முறையன்று. இதற்கு நியாயம் தேடுவதும் முறையன்று.

அந்த ஆண்டே அவர்கள் மூன்றாம் இமாமாகப் பைஅத் பெற்றார்கள். அடுத்து 25 ஆண்டுகள் அவர்களின் ஆட்சி நடந்தது.

1839-ல் அஹுல்கோ என்னும் பாறைக்கோட்டையை ஜெனரல் கிராப்பே 80 நாட்கள் முற்றுகையிட்டார். தண்ணீருக்கு ஆற்றை நம்பிய இடம் அது. இறங்கினால் குண்டு பாயும். சமாதானம் பேச வேண்டுமானால் மூத்த மகனைப் பிணையாகத் தர வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ பத்து வயதே ஆன மகன் ஜமாலுத்தீனை இமாமவர்கள் அனுப்பி வைத்தார்கள். பிள்ளை போனான், சமாதானம் வரவில்லை. கோட்டை விழுந்தது. மனைவி ஜவ்ஹரத்தும் கைக்குழந்தை ஸயீதும் அங்கேயே மாண்டார்கள். இமாமவர்கள் ஒரு சிலரோடு பாறை இடுக்குகள் வழியாகத் தப்பி எல்லை கடந்து செச்னியர்களின் நாட்டுக்குள் நுழைந்தார்கள்.

வீடில்லை, படையில்லை, அந்நாட்டு மொழி அவர்களின் தாய்மொழியும் அல்ல. அப்படி வந்து சேர்ந்த அவார் மனிதரைத்தான் 1840-ல் செச்னியர்கள் தங்கள் இமாமாக ஏற்றார்கள். எவருக்கும் தலைவணங்காத, கான்களே இல்லாத சமுதாயம் அது. ஷரீஅத்தின் பெயரால் வந்தவர் என்ற ஒரே காரணத்தால் கதவைத் திறந்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில் தாகிஸ்தானின் பெரும்பகுதியும் செச்னியாவும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன.

நாடு பல நாயிபுகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு நாயிபுக்கும் கீழே முஃப்தியும் காழிகளும் இருந்தனர். நாயிபுக்குப் படை, தீர்ப்புக்குக் காழி. ஜகாத்தும், போர்ப்பொருளில் ஐந்தில் ஒரு பங்கும், அபராதங்களும் பைத்துல்மாலில் சேர்ந்தன. கடிதங்கள் எல்லாம் அரபியில் எழுதப்பட்டன. அவாருக்கும் லாக்குக்கும் செச்னியருக்கும் அதுவே பொது எழுத்து. பழிக்குப் பழி தடை செய்யப்பட்டது; கொலை செய்தவனைத் தவிர அவன் உறவினர் மீது கை வைக்கக் கூடாது என்றாயிற்று. மஹர் தொகை ஏறிக்கொண்டே போய் இளைஞர்கள் மணமுடிக்க இயலாமல் இருந்ததால் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். மதுவும் புகையிலையும் ஆடல் பாடலும் தண்டனைக்குரியவையாயின. தண்டனைகள் கடுமையாகவே இருந்தன. நாயிபுகளுள் சிலர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதும், அதனால் மக்கள் மனம் கசந்ததும் உண்மை.

அவர்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1843-ல் ருஷ்யரின் தாக்குதலால் களைத்த செச்னியர் சிலர், சரணடைய அனுமதி கேட்க அஞ்சி, இமாமவர்களின் வயது முதிர்ந்த தாயார் மூலம் கேட்டார்களாம். இமாமவர்கள் பள்ளிவாசலில் புகுந்து மூன்று நாள் நோன்பும் தொழுகையுமாக இருந்துவிட்டு வெளியே வந்து, சரணடையும் பேச்சை முதலில் கொண்டு வந்தவருக்கு 100 கசையடி என்று அறிவித்தார்களாம். அது அவர்களின் தாயார்தான். ஐந்து அடியில் தாயார் மயங்கி விழ, மீதி 95 அடியையும் தம் முதுகில் வாங்கிக் கொண்டார்களாம். நடந்தது இப்படியேதானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஃபிக்ஹு ஓதியவர் எவரும், ஒருவருக்குரிய தண்டனையை மற்றவர் ஏற்பதற்கு ஆதாரம் ஏது என்று கேட்கவே செய்வார். ஆயினும் ஆட்சியாளரின் வீட்டுக்கும் குடியானவரின் வீட்டுக்கும் ஒரே சட்டம் என்று மலைமக்கள் நம்பியதால்தான் இக்கதை வீடு வீடாக நிலைத்திருக்கிறது.

போர்க்களங்களை விரித்துரைக்க இங்கே இடமில்லை. 1845-ல் வரன்த்சோவ் என்ற தளபதி பெரும்படையோடு தர்கோ நகர் மீது வந்து, திரும்பும்போது காட்டுக்குள் ஆயிரக்கணக்கானோரை இழந்து தப்பியது மட்டும் குறிப்பிடத்தக்கது. தாய்மொழியில் கதைகள் படிக்கும் நம்மவர்களில் சிலர் தால்ஸ்தாய் எழுதிய ஹாஜி முராத் வழியாக இமாமவர்களை அறிந்திருக்கக்கூடும். அந்த ஹாஜி முராத் இமாமவர்களின் புகழ்பெற்ற நாயிபு. இமாமவர்கள் தம் மகனையே வாரிசாக அறிவித்த பின்னர் மனம் முறிந்து 1851-ல் ருஷ்யரிடம் சென்று, மறு ஆண்டு அவர்களிடமிருந்தும் தப்பும்போது கொல்லப்பட்டவர். கான்களின் பரம்பரை ஆட்சியை எதிர்த்தவர்கள் தாங்களும் மகனை வாரிசாக்கியது சரிதானா என்று அன்றே கேட்டவர்கள் இருந்தார்கள்.

பிணையாகப் போன மகனின் கதை கல்நெஞ்சையும் உருக்கும். ஜமாலுத்தீனைப் பீட்டர்ஸ்பர்க் நகரில் ராணுவப் பள்ளியில் படிக்க வைத்து ருஷ்ய அதிகாரியாக்கினார்கள். 1854-ல் இமாமவர்களின் படை ஜார்ஜியாவில் த்சினந்தலி மாளிகையைத் தாக்கி, இரண்டு இளவரசிகளையும் குழந்தைகளையும் பிடித்து வந்தது. போரில் பங்கில்லாத பெண்களையும் குழந்தைகளையும் சிறைப்பிடித்தது பாராட்டத்தக்க செயலன்று; மகனை மீட்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் தெரிகிறது. மறு ஆண்டு ஆற்றங்கரையில் கைமாற்றம் நடந்தது. 40,000 ரூபிளோடு மகன் வந்து சேர்ந்தான். தாய்மொழி மறந்து, ருஷ்ய உடையில், ருஷ்யத் தோழர்களைப் பிரிந்த துயரத்தோடு வந்தான். தகப்பனார் மார்க்கமும் மொழியும் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். மலைக் கிராமத்தில் அவனால் ஒன்ற முடியவில்லை. காசநோய் பற்றியது. ருஷ்ய முகாமிலிருந்து மருத்துவரை வரவழைத்தும் பயனின்றி 1858-ல் மரணமடைந்தான். பதினாறு ஆண்டு காத்திருந்து பெற்ற மகனோடு மூன்றே ஆண்டு.

கிரீமியப் போர் 1856-ல் முடிந்ததும் ஜார் தம் முழுப் படைபலத்தையும் காக்கஸ் மீது திருப்பினார். காடுகள் அழிந்தன, ஊர் ஊராகச் சரணடைந்தன. 1859 ஏப்ரலில் தலைநகர் வெதேனோ வீழ்ந்தது. ஆகஸ்டில், ஏறத்தாழ 400 பேரோடு இமாமவர்கள் குனிப் மலைமேல் சூழப்பட்டார்கள். கீழே பல்லாயிரம் சிப்பாய்கள். மேலே அவர்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அஹுல்கோவில் என்ன நடந்தது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் வேறு யார்? பல ஆலோசனைகளுக்குப் பின் அவர்கள் இறங்கி வந்து தளபதி பரியாத்தின்ஸ்கியிடம் சரணடைந்தார்கள்.

இந்தச் சரணாகதியைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மலைகளில் வாதம் ஓயவில்லை. செச்னியர்களுள் பலர் அவர்கள் கடைசி மூச்சுவரை போரிட்டிருக்க வேண்டும் என்றார்கள். 1860-ல் தனியாகக் கிளர்ந்தெழுந்து 1861-ல் தூக்கிலிடப்பட்ட பெனோய் ஊர் பைசங்கூரையே உயர்த்திப் பேசினார்கள். அவார்கள் தங்கள் இமாமுக்காக வாதாடினார்கள். போரிடச் சக்தியற்ற நிலையில், எஞ்சிய உயிர்களைக் காக்கத் தலைவர் உடன்படிக்கை செய்வதை நம் ஃபுகஹாக்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். மார்க்கக் கண்கொண்டு பார்த்தால் இதில் அவமானம் ஏதும் இல்லை. இன மானம் என்ற கண்கொண்டு பார்க்கும்போதுதான் இது தீராத வழக்காகிறது.

ஜார் அவர்களைக் கொல்லவில்லை. மாஸ்கோவுக்குத் தெற்கே கலூகா நகரில் குடும்பத்தோடு குடியமர்த்தினார். அங்கே ஏறத்தாழ ஒன்பதாண்டுக்காலம் இருந்தார்கள். பழக்கமில்லாத அந்தத் தட்பவெப்பத்தில் குடும்பத்தில் பலர் நோயுற்று மடிந்தனர். 1860-ல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது, அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தம் பாதுகாப்பில் வைத்து உயிர் காத்தார்கள். செய்தியறிந்த இமாமவர்கள் கலூகாவிலிருந்து அவர்களைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அமீரவர்களும் பதில் எழுதினார்கள். கிறிஸ்தவப் பேரரசோடு 25 ஆண்டு போரிட்டு, மனைவி மக்களை இழந்து, அதே பேரரசின் காவலில் இருந்தவர் எழுதிய கடிதம் அது.

1866-ல் இமாமவர்கள் ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். புதல்வர்களில் முஹம்மது ஷஃபீ ருஷ்யப் படையில் ஜெனரலானார். தோழரின் நினைவாகப் பெயரிடப்பட்ட மற்றொரு மகன் காஸீ முஹம்மத் துருக்கியில் பாஷாவாகி 1877-ல் ருஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டார். ஒரு வீட்டின் இரு பிள்ளைகள் இரு பேரரசுகளின் உடையில்!

1869-ல் ஹஜ்ஜுக்கு அனுமதி கிடைத்தது. இஸ்தம்பூலில் சுல்தானும் மக்களும் மரியாதையோடு வரவேற்றார்கள். அங்கிருந்து மக்கா சென்று ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனாவில் தங்கினார்கள். ஹிஜ்ரி 1287 துல்கஃதா மாதம், அதாவது 1871 பிப்ரவரியில் அங்கேயே வபாத்தாகி ஜன்னத்துல் பகீஉவில் அடக்கமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்கள் வபாத்துக்குப் பின் நடந்ததையும் சொல்லாவிட்டால் இவ்வரலாறு முழுமை பெறாது. 1920-ல் ஸ்டாலின் தாகிஸ்தானுக்கு வந்து, புதிய ஆட்சியில் ஷரீஅத் மதிக்கப்படும் என்று வாக்களித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஷரீஅத் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. 1928-ல் அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தைப் புகுத்தினார்கள். பத்தாண்டில் அதையும் நீக்கி ருஷ்ய எழுத்தைத் திணித்தார்கள். ஒவ்வொரு மொழியினரும் தனித்தனி இனம் என்று பதிவேடுகளில் பிரிக்கப்பட்டனர். அவார் ஆலிமும் செச்னிய ஆலிமும் அரபியில் கடிதம் எழுதிக் கொண்ட காலம் போய், அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேச ருஷ்ய மொழியே மிஞ்சியது. இமாமவர்களையோ முதலில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த மக்கள் வீரர் என்று புகழ்ந்தார்கள். 1950-ல் அவர்கள் துருக்கிக்கும் பிரிட்டனுக்கும் கைக்கூலி என்றார்கள். அவர்களைப் பாராட்டி நூல் எழுதிய அஸர்பைஜான் அறிஞர் ஹுசைனோவிடமிருந்து ஸ்டாலின் பரிசு பறிக்கப்பட்டது. அவ்வாண்டே அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். ஸ்டாலின் மறைந்த பிறகு மீண்டும் பழைய புகழ். அவர்களுடைய தொழுகையும் ஷரீஅத்தும் இந்தக் கணக்குகள் எதிலும் இடம் பெறவில்லை.

1944 பிப்ரவரி 23-ம் நாள் செச்னியர், இங்குஷியர் என ஐந்து லட்சம் பேரளவில் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு கஸாக்ஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். வழியிலும் குடியேற்றங்களிலும் குளிரிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். காலியான வீடுகளில் குடியேறத் தாகிஸ்தான் மலைகளிலிருந்து வேறு மக்களை அரசு வலுக்கட்டாயமாக இறக்கியது. வெதேனோவுக்கு அவார்கள் கொண்டு வரப்பட்டார்கள். தாகிஸ்தானுக்குள்ளேயே செச்னியர் வாழ்ந்த ஔக் பகுதிக்கு லாக்குகளும் அவார்களும் கொண்டு வரப்பட்டார்கள். ஷைகு ஜமாலுத்தீன் (ரஹ்) அவர்களின் இனத்தாரும், இமாமவர்களின் இனத்தாரும், இமாமவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்களின் வீடுகளில்! அவர்களாக விரும்பி வந்ததில்லை, வராதிருக்கவும் முடியவில்லை.

1957 முதல் செச்னியர்கள் திரும்பினார்கள். வெதேனோ அவர்களிடம் வந்தது. அங்கிருந்த அவார்கள் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். ஔக் மட்டும் திரும்பவில்லை. 1991-ல் சோவியத் ஆட்சி கலைந்தது. 1994-லும் 1999-லும் செச்னியாவில் இரு போர்கள் மூண்டு குரோஸ்னி நகரம் இடிபாடாயிற்று. 1999 ஆகஸ்டில், இமாமவர்களின் பெயரையே தாங்கிய ஷாமில் பஸாயெவ் ஆயுதக் குழுவோடு செச்னியாவிலிருந்து தாகிஸ்தானுக்குள் நுழைந்தபோது, எதிர்த்து நின்றவர்களில் அந்த மலைக்கிராமங்களின் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1839-ல் இமாமவர்கள் உயிர் தப்பி எல்லை கடந்து சென்ற அதே மலைகள்.

ஔக் மாவட்டத்தை மறுபடியும் அமைத்து, அங்குள்ள லாக்குகளுக்கு மகச்கலா நகரின் வடக்கே புதிய வீடுகள் கட்டித் தருவதென்று 1991-ல் தாகிஸ்தான் மக்கள் பிரதிநிதிகள் தீர்மானித்தார்கள். லாக்குகள் இடம் மாற ஒப்புக் கொண்டார்கள். வீடு கட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கொண்டே போனது. அவார்களும் செச்னியர்களும் சேர்ந்து வாழும் லெனினவுல் என்ற ஊரில் 2017 ஜூலையில் கைகலப்பு மூண்டு, அண்டை ஊர்களிலிருந்தும் ஆட்கள் திரண்டார்கள். பெரியவர்களும் ஆலிம்களும் அதிகாரிகளும் இடையில் நின்று அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. இரு தரப்பாரும் தொழுவது ஒரே ஷாஃபிஈ மத்ஹபில்தான்.